மேடில்லாத கணக்கு

என் அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டாலும் ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகள் படிக்கட்டும். தபால்காரர் படிக்கட்டும். உன் மேனேஜர் கையில் கிடைத்தால் அவரும் காப்பி குடித்துக்கொண்டே சாவகாசமாகப் படிக்கட்டும். யாரிடமும் ஒளித்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. முதல் வரியில் ஆசீர்வாதம் எழுதுவது நம் வீட்டு வழக்கம். உனக்கு அதைப் பிறந்த அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு கடிதத்திலும் புதுப்பிக்க அது என்ன ரேஷன் கார்டா?

உன் அப்பாவின் கடிதம் இதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கும். எனக்குக் காட்டாமல் எழுதினார், எனக்குக் காட்டாமல் தபாலில் போட்டார். ஆனாலும் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். எல்லோரும் போடுகிற கையெழுத்துதான், போட்டுவிட்டு உன் வேலையைப் பார் என்று எழுதியிருப்பார். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரத்தில் வீம்பு வேண்டாம் என்று எழுதியிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்களோடு குடித்தனம் நடத்தலாம், நானே நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்கள் சொல்லும் கணக்கை மட்டும் நம்பக் கூடாது.

நீ எழுதியிருந்ததை நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. கும்மிடிப்பூண்டியில் உன் பவுண்டரியில் இரும்பை உருக்கி வார்க்கிற பம்பு உறைகளில் இந்த வருஷம் விரிசல் அதிகமாகிவிட்டது. ஏன் என்று கண்டுபிடிக்கும் வேலையை உன்னிடம் கொடுத்தார்கள். எந்த ஷிப்டில் எத்தனை விரிசல், யார் ஊற்றியதில் எத்தனை, எந்தக் கிழமையில் எத்தனை என்று மாதக்கணக்கில் எண்ணி வரைபடம் போட்டாய். எப்படிப் போட்டாலும் படம் தட்டையாகவே வந்தது. எல்லா ஷிப்டிலும், எல்லா ஆளிடமும், எல்லாக் கிழமையிலும் ஏறக்குறைய ஒரே அளவு. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, இது ரிப்போர்ட்டே இல்லை, எங்கே ஏறுகிறது என்று காட்டு என்றார். எங்கே ஏற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து வேலைக்கு வருகிற மூன்று பேர், உலைக்கு முன்னால் நிற்கக் கையுறையும் பூட்ஸும் வேண்டும் என்று எல்லோருக்குமாகப் போய்க் கேட்டவர்கள், அவர்கள் தலைமேல் ஏற வேண்டும். மழை மாதங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அந்த மூவரிடமும் ஒரு சின்ன மேடு தெரிகிறதாம். அதைப் போட்டு நீ கையெழுத்து வைத்தால் அவர்கள் வெளியே, நீ நிரந்தரம். நிரந்தரமானால் ஆவணியில் கல்யாணம். ஆகாவிட்டால் பெண் கொடுக்கிற பத்மாவின் அப்பா என்ன சொல்வார் என்று உனக்குப் பயம்.

இதுவரைக்கும் சரி. இந்தப் பயம் உனக்கு வராவிட்டால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "ஒன்றுமே இல்லாத ஒரு படத்துக்காக எல்லாவற்றையும் விட வேண்டுமா அம்மா" என்று, அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். ஒன்றுமே இல்லாத படம் என்று யார் சொன்னது? தட்டையாக இருந்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமா? நான் வாழ்நாளில் பார்த்ததிலேயே பெரிய விஷயங்கள் எல்லாம் தட்டையாகத்தான் இருந்தன. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். உன் சூப்பர்வைசரின் பிரசங்கத்தை நின்றுகொண்டே கேட்கிறாயே, இதை உட்கார்ந்து படி.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது உன் தாத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, கோயிலில் கைங்கரியம் என்பது உனக்குத் தெரியும். அர்ச்சனைக்கு வருகிறவர்கள் தட்டை நீட்டி, பெயரும் நட்சத்திரமும் சொல்வார்கள். அமாவாசைக்கு ஊரே குளத்தில் முங்கி எழுந்து ஈரத்தோடு வந்து நிற்கும். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பூத்தொடுக்கிற சாக்கில் அந்த நட்சத்திரங்களை எண்ணுவேன். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போடுவேன், ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். யாரும் சொல்லிச் செய்யவில்லை, எண்ணுவது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆண்கள் பக்கம் இருபத்தேழு நட்சத்திரமும் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. நிலா ஒரு நட்சத்திரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் தங்குகிறது, அடுத்ததற்குப் போகிறது, யார் வீட்டிலும் விருந்தாளியாக உட்கார்ந்துகொள்வதில்லை. குழந்தைகளும் அவற்றின் பாட்டுக்குப் பிறக்கின்றன. ஆனால் பெண்கள் பக்கம் பார்த்தால் மூலத்தில் ஒரு பள்ளம், ஆயில்யத்தில் ஒரு பள்ளம். ஆயில்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பூசத்தில் ஒரு மேடு. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பெண் குழந்தைகளுக்கு மட்டும் அந்த இரண்டு நாளும் பிறக்க விருப்பமில்லையா என்று யோசித்தேன்.

அப்புறம்தான் விளங்கியது. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்தில் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாது என்று ஊரெல்லாம் நம்புகிறது. அதனால் பெற்றவர்கள் பெண்ணின் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, ஆயில்யத்தைப் பூசமாக்கிவிடுகிறார்கள். பெருமாள் சந்நிதியில் நின்றுகொண்டே அந்தப் பொய்யைச் சொல்கிறார்கள், பயம்தான் காரணம். பிறப்பு தட்டையாக இருந்தது, மேடும் பள்ளமும் மனிதர்கள் போட்டது. நான் இதை உன் தாத்தாவிடம் கண்டுபிடிப்பு மாதிரிப் போய்ச் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "பெருமாளுக்குத் தெரியும்டீ. நீ பூவைத் தொடு" என்றார். அவருக்கு அத்தனை வருஷமாகத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. என்னுடைய நட்சத்திரமும் ஆயில்யம்தான், அதை அவர் மாற்றாமல் அப்படியே சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார். என் மாமியார் கடைசிவரை என்னோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டு, ஒரு தலைவலிகூட இல்லாமல் திடகாத்திரமாக இருந்தார் என்பது உனக்கே தெரியும்.

பிறகு ரயிலில் போய்ப் பட்டணத்தில் கல்லூரிப் படிப்பு. அங்கே ஒரு நாள் கதிரியக்கப் பொருளைப் பெட்டியில் வைத்துப் பக்கத்தில் எண்ணும் கருவியை வைத்துக் காட்டினார்கள். கருவியைக் கிழக்கே வைத்தாலும் மேற்கே வைத்தாலும் தொலைவு மாறாமல் இருந்தால் டிக்டிக் சத்தம் ஒரே அளவில்தான் வந்தது. அணுவுக்குத் திசை கிடையாது. இந்த அறையிலிருக்கும் காற்று ஒரு மூலையில் போய்க் குவிந்துகொண்டு இன்னொரு மூலையில் இருப்பவனை மூச்சுத்திணற விடுவதில்லை. விண்ணிலிருந்து வருகிற கதிர்களை அளக்கிறவர்களும் அவை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகின்றன என்றுதான் சொல்கிறார்கள் என்று எங்கள் ஆசிரியை சொன்னார். வகுப்பில் மற்ற பெண்கள் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனார்கள். எனக்கு மட்டும் அந்தத் தூணடிச் சுண்ணாம்புக் கோடுகள் ஞாபகத்துக்கு வந்து உடம்பு சிலிர்த்தது. அணுவை எடு, நட்சத்திரத்தை எடு, காற்றை எடு, ஒருதலைப்பட்சமாக நடந்துகொள்ள எங்கே காரணம் இல்லையோ அங்கே படம் தட்டையாக வருகிறது. வேறு வேறு புத்தகம், வேறு வேறு வாத்தியார், ஆனால் அதே கோடு. வழவழவென்று இழைத்த கோடாகவும் இருக்காது, அதைத் தெரிந்துகொள். இங்கே கொஞ்சம் தூக்கும், அங்கே கொஞ்சம் இறங்கும். முற்றத்தில் முதல் மழை விழும்போது பார், ஒரு கல்லில் நாலு துளி சேர்ந்து விழும், பக்கத்துக் கல் காய்ந்து கிடக்கும். அதற்காக வானம் அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தது என்று யாராவது சொல்வார்களா? சொல்வார்கள். அப்படிச் சொல்கிற ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன்.

நீ பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஏரி மீன்வளக் கணக்கெடுப்புக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். கணக்குப் படித்தவர் வேண்டும் என்றார்கள், நான் போனேன். நம் உறவு ஜனம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கோயில் குடும்பத்துப் பெண் மீனாபீசுக்குப் போகிறாள் என்று ஒரு கல்யாணப் பந்தி முழுக்க அதே பேச்சு. சாயங்காலம் வீடு திரும்பினால் என் மாமியார் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருப்பார். கிணற்றடியில் தலைக்குக் குளித்துப் புடவை மாற்றிய பிறகுதான் உள்ளே விடுவார். நீ மட்டும் ஓடிவந்து என் கையை மோந்து பார்த்து, இன்றைக்கு இறாலா நண்டா என்று கேட்பாய். அந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் ஒருவனாவது இருந்தானே என்று இருக்கும்.

பழவேற்காட்டு ஏரியில் மீனவர்களுக்கு ஒரு முறை உண்டு, பாடு என்பார்கள். கடல்நீர் உள்ளே வருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டினால் இறால் கொட்டும். உள்ளே தள்ளிப் போகப் போகக் குறையும். எல்லோரும் நல்ல இடத்துக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்கச் சீட்டுப் போடுவார்கள். ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஓர் அடையாளத்தைக் குடத்தில் போடும். ஒருவர் சிப்பி போடுவார், ஒருவர் வலையில் கட்டுகிற ஈயக்குண்டு, ஒருவர் ஒடிந்த துடுப்பின் துண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் எடுப்பார். யாருடையது முதலில் வருகிறதோ அவருக்கு முகத்துவாரம், அடுத்தது அடுத்த இடம். பணக்காரன், ஏழை, தலைவரின் சொந்தக்காரன், விதவை வீட்டுப் பங்கு, குடத்துக்குள்ளே எல்லாம் ஒன்றுதான். முதல் தடவை அதைப் பார்த்தபோது கல்லூரியில் காட்டிய அந்தக் கதிரியக்கப் பெட்டியை மணலில் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது எனக்கு.

எங்கள் மேலதிகாரிக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாடுகளை ஏலம் விட்டுக் காண்டிராக்டர்களிடம் கொடுக்க மேலே யோசனை இருந்தது, அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. குப்பத்துத் தலைவரின் தம்பி ஏழுமலைக்கு மூன்று முறை தொடர்ந்து முகத்துவாரம் விழுந்திருந்தது. மேலதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார். சீட்டில் மோசடி நடக்கிறது, தலைவர் குடும்பம்தான் நல்ல இடத்தை அனுபவிக்கிறது என்று என்னை ஒரு ரிப்போர்ட் எழுதச் சொன்னார். நானும் முதலில் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அதனால் எண்ணினேன். அவர்களிடம் எழுத்தில் ஒன்றும் கிடையாது, ஆனால் யாருக்கு எந்த வருஷம் எந்த இடம் விழுந்தது என்பது ஒவ்வொருவருக்கும் ஞாபகம் இருந்தது, அதுவும் தன்னுடையதைவிடப் பங்காளியுடையது நன்றாக ஞாபகம் இருந்தது. ஒருவரோடு ஒருவர் பேசாத குடும்பங்களாகப் பார்த்துத் தனித்தனியாகக் கேட்டேன். எல்லாம் ஒத்துப்போனது. பல வருஷக் கணக்கைச் சேர்த்துப் படம் போட்டால், கண்ணா, தட்டை. தலைவர் குடும்பத்துக்கு ஒரு மயிரிழைகூட அதிகம் இல்லை.

அடுத்த சீட்டுக்கு மேலதிகாரியே நேரில் வருகிறார் என்று தெரிந்ததும் குப்பத்துப் பெரியவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். சந்தேகம் வேண்டாம், இந்த முறை ஏழுமலையின் சிப்பியைக் குடத்தில் போட வேண்டாம் என்று. ஏழுமலைதான் அதை முதலில் சொன்னவர். மானஸ்தர்கள் செய்கிற தப்பு அது. நான் வெயிலில் நின்றுகொண்டு அவர்களோடு வாதாடினேன். இத்தனை வருஷமாகக் கலப்படம் இல்லாமல் இருந்த சீட்டை ஓர் அதிகாரி முகத்துக்காக நீங்களே கலப்படம் செய்யப் போகிறீர்களா, ஒரு சிப்பியை வெளியே வைத்தால் அன்றைக்குத்தான் அது நிஜமாகவே மோசடி என்றேன். நெடுநேரம் முணுமுணுத்துவிட்டுச் சிப்பியை உள்ளே போட்டார்கள். அதிகாரியையே எடுக்கச் சொன்னார்கள். அவர் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையை விட்டுத் துழாவி, ஒன்றை எடுத்தார்.

ஏழுமலையின் சிப்பி.

அதிகாரி கண்கட்டை அவிழ்த்துக் கையைப் பார்த்தார், பிறகு குடத்தையே கவிழ்த்துக் கொட்டினார், உள்ளே எல்லாமே ஒரே சிப்பியா என்று பார்க்க. ஈயக்குண்டு, துடுப்புத் துண்டு, கயிற்று முடிச்சு என்று அவரவருடையது அவரவருடையதாக உருண்டது. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு வேண்டாம், வேறு யாராவது போங்கள் என்றார். அப்போதுதான் கோதண்டம் எழுந்தார். தலைவர் குடும்பத்தோடு கல்யாணப் பத்திரிகைகூட வைத்துக்கொள்ளாத பகை அவருக்கு. ஏழுமலை விலகினால் முகத்துவாரம் அவருக்கு வந்திருக்கவும் கூடும்.

"சீட்டு அவனுக்கு வுழுந்துகீது, அவன்தான் போவணும்" என்றார் கோதண்டம். "இன்னிக்கு அவன் சிப்பிய தள்ளி வெச்சா, நாளைக்கு என் ஈயத்த தள்ளி வைக்க ஒருத்தன் வருவான். இன்னா சார், எடுத்தது ஒன் கைதானே?"

அதிகாரி விறுவிறுவென்று ஜீப்புக்கு நடந்தார். ஜீப்பில் ஏறியதும் என்னிடம் சொன்னார். பழைய வருஷங்கள் எல்லாம் வேண்டாம், கடைசி நாலு சீட்டை மட்டும் போடு, நாலும் ஒரே ஆள், அதுவே போதும் என்றார். நாலு துளி விழுந்த கல்லை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டச் சொன்னார், அவ்வளவுதான். உன் மேனேஜர் மழை மாதங்களை எடுத்துவிடச் சொன்னார் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த ஜீப்பின் பெட்ரோல் நாற்றமே மூக்கில் அடித்தது. வருஷம்தான் மாறுகிறது, அந்தத் தந்திரம் மாறவில்லை.

நான் முழுக் கணக்கையும் போட்டேன். நாலாவது சீட்டு யார் கையால் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் போட்டேன். அடுத்த மாதம் என் தற்காலிகப் பணி முடிந்துவிட்டது என்று தாள் வந்தது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் பணி நீண்டது. உன் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசியபோது, உனக்கு என்ன அந்தக் குப்பத்து ஜனங்கள் மாமனா மச்சானா என்று கேட்டார். இல்லை, என் கணக்கு எனக்குச் சொந்தம் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்து, என் ரிப்போர்ட்டால் குப்பம் பிழைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வேறொருவர் கையெழுத்தில் வேறொரு ரிப்போர்ட் போனது, ஏல உத்தரவும் வந்தது. காண்டிராக்டரின் ஆட்கள் முகத்துவாரத்தில் வந்து நின்ற அன்று, குப்பத்தார் அவர்கள் கண்முன்னாலேயே குடத்தை வைத்து வழக்கம்போல் சீட்டுப் போட்டார்கள். விழுந்தவர் விழுந்த இடத்தில் வலை கட்டினார். காண்டிராக்டருக்காக வலை இழுக்க ஒரு ஆள் வரவில்லை, எத்தனை டப்பு தருகிறேன் என்றாலும் வரவில்லை. ஒரு பருவம் சும்மா நின்று பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். அது அவர்கள் திமிர், அவர்கள் வெற்றி. என் படத்துக்கு அதில் பங்கில்லை. ஆனால் அவர்களுக்கு எதிராகப் போன தாளில் என் பெயர் இல்லை. நான் இன்றைக்கும் பழவேற்காட்டு பஸ்ஸில் ஏறினால் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம்.

இனி உன் பவுண்டரிக்கு வா. நீ போட்ட படம் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்கிறாயே, அது கத்திக்கொண்டிருக்கிறது. ஆள் மாறினாலும் விரிசல் மாறவில்லை, ஷிப்டு மாறினாலும் மாறவில்லை, கிழமை மாறினாலும் மாறவில்லை. அப்படியென்றால் விரிசல் ஆளிடம் இல்லை. எது மாறாமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதோ அதில் தேட வேண்டும். எல்லா ஷிப்டிலும் ஒரே அச்சு மணல், உருக்குவதும் ஒரே பழைய இரும்பு. உன் போன கடிதத்தில், இந்த வருஷம் பழைய இரும்பை வேறு ஆளிடம் வாங்குகிறார்கள், லாரியில் கண்டதும் கலந்து வருகிறது என்று சும்மா பேச்சோடு பேச்சாக எழுதியிருந்தாய். அதை வாங்கியது யார், கையெழுத்துப் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது. இரும்புதான் காரணம் என்று நான் சத்தியமும் செய்யவில்லை. அதை நீ சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்த மூன்று பேரையும் வெளியே அனுப்பிய மறுநாளும் உறைகள் அதே அளவுக்குத்தான் விரிசல் விடும் என்று மட்டும் சத்தியம் செய்வேன். அப்போது இன்னும் மூன்று பேர் மேல் மேடு கட்டச் சொல்வார்கள். அதற்கும் உன்னிடம்தான் வருவார்கள், உன் கை அதில் பழகியிருக்கும் அல்லவா?

கொஞ்சம் எண்ணை மாற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது என்றும் நினைக்காதே. எங்களோடு ஒருவர் இறாலின் நீளம் அளக்கிற வேலையில் இருந்தார். வெயிலில் நிற்கப் பிடிக்காமல் வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடுவார். நிஜமாக அளந்தால் கடைசி இலக்கம் சைபரிலிருந்து ஒன்பது வரை எல்லாம் சமமாக வரும், இறால் நம் ஸ்கேலைப் பார்த்து வளர்வதில்லை. அவருடையதில் எங்கே பார்த்தாலும் சைபரும் ஐந்தும் ஏழும்தான் மண்டிக் கிடந்தன. மனிதன் கற்பனையாக எழுதினால் தனக்குப் பிடித்த எண்ணைத்தான் எழுதுவான், தட்டையாக எழுத அவனால் முடியாது. நான் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். உன்னுடையதையும் என்றைக்காவது எவளாவது ஒருத்தி உட்கார்ந்து எண்ணுவாள்.

நீ பயப்படுகிற இன்னொரு விஷயத்துக்கும் வருகிறேன். வேலை போனால் போகட்டும். எனக்குப் பள்ளிக்கூடத்து வேலை கிடைக்கவில்லையா, இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து உன்னைப் படிக்க வைக்கவில்லையா? திருவள்ளூரில் இந்த வீடு இருக்கிறது, தட்டில் சோறு இருக்கிறது. மேடு தேடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு யாராவது ஒருவனை உயரமாகத் தூக்கிக் காட்ட வேண்டும், அல்லது யாராவது ஒருவன் தலையில் எல்லாவற்றையும் குவிக்க வேண்டும். எல்லோரும் ஒன்றுபோல இருக்கிறார்கள் என்று காட்டும் படத்தை அவர்களால் தாங்க முடியாது. அதைத் தாங்காமல் அவர்கள் திண்டாடட்டும், நீ எதற்கு முட்டுக்கொடுக்கிறாய்?

கடைசியாக ஒன்று. நேற்றுச் சாயங்காலம் உன் அப்பாவிடம் சொல்லாமல் மணவாள நகருக்குப் போனேன், பத்மா வீட்டுக்கு. நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும், கோபித்துக்கொள். உன் வேலை நிலைக்காமல் போகலாம், ஏன் போகலாம் என்று அவள் அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இதையெல்லாம் கல்யாண நேரத்தில் எதற்குக் கிளறுகிறீர்கள் என்றார், பிள்ளையாண்டானுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லக்கூடாதா என்றார். சம்மதம் மாறுமா மாறாதா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்மா அதுவரைக்கும் சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பியதும் தெருமுனைவரை கூடவே வந்தாள். பஸ் வரும்வரை என்னோடு நின்றாள். நான் படியில் கால் வைத்தபோதுதான் சொன்னாள்.

"மாமி, அப்பாவை நான் பார்த்துக்கறேன். உங்க பிள்ளை கையெழுத்துப் போடலேன்னா எனக்கு ஒண்ணும் எழுத வேண்டாம். போட்டுட்டார்னா மட்டும், பத்திரிகை அடிக்கறதுக்குள்ள எனக்கு ஒரு வரி எழுதிடச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டேன்.

உன் அம்மா